கலாலாவ் கடல் ஓங்கல் பாதை: நடக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் கவாய் என்ற தீவின் வடமேற்கே, ‘நா பாலி’ எனப்படும் கரையில், கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் மலைச்சுவர்களின் இடுப்பில் ஓர் ஒற்றையடிப் பாதை செல்கிறது. அது போய் முடியும் இடம் கலாலாவ் என்ற கடற்கரை. அங்கே சாலை கிடையாது, கடை கிடையாது, கைபேசிக்குச் சமிக்ஞையும் கிடையாது. இரண்டு முறை அங்கே நடந்து சென்று தங்கி வந்திருக்கிறேன். அதன் பிறகு நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. ஆகவே புறப்படுவதற்கு முன் ஹவாய் மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

பாதை எங்கே தொடங்குகிறது? எவ்வளவு நீளம்?

தீவின் வடக்குக் கரைச் சாலை முடியும் இடத்தில் கேஎ என்ற கடற்கரை இருக்கிறது. ஹாஎனா மாநிலப் பூங்காவுக்குள் அமைந்த அந்த இடத்திலிருந்துதான் பாதை தொடங்குகிறது. கலாலாவ் வரை ஒரு வழிக்கு 11 மைல், அதாவது சுமார் 17.7 கிலோமீட்டர். இரண்டாவது மைலில் ஹனகாப்பியாய் கடற்கரையும், ஆறாவது மைலில் ஹனகோவா பள்ளத்தாக்கும் வரும். எண்ணைப் பார்த்து, சென்னையில் காலை நடையாகப் பத்துக் கிலோமீட்டர் போகிறவருக்கு இது எளிது என்று எண்ணிவிட வேண்டாம். பாதை ஒவ்வொரு பள்ளத்தாக்குக்குள்ளும் இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபக்கம் ஏறி, அடுத்த மலைமூக்கைச் சுற்றி மீண்டும் இறங்குகிறது. ஹனகாப்பியாயை விட்டு ஏறும் ஓர் ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 240 மீட்டர். முதுகில் பன்னிரண்டு கிலோ சுமையோடு போகும்போது ஒரு வழிக்கு ஏழு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும்.

‘நா பாலி’ என்றால் என்ன?

ஹவாய் மொழியில் ‘ஓங்கல்கள்’ என்று பொருள். நம் புவியியல் பாடநூலில் ‘கடல் ஓங்கல்’ என்று படித்தோமே, அலை அரித்து அரித்துச் செங்குத்தாக நிற்கும் பாறைக்கரை, அதுதான். ஹவாயின் பெரிய தீவுகளில் கவாய்தான் மூத்தது; அதைக் கட்டிய எரிமலைக்கு ஏறத்தாழ ஐம்பது லட்சம் ஆண்டு வயது. மேலிருந்து மழையும் கீழிருந்து அலையும் அத்தனை காலம் அரித்ததால் மலையில் மடிப்பு மடிப்பாக விழுந்த பள்ளங்கள், மடித்து வைத்த பட்டுப்புடவையின் கொசுவம் போலத் தெரிகின்றன.

அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டும். இதில் இரண்டு தனித்தனி அனுமதிகள் இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள்.

முதலாவது, ஹாஎனா பூங்காவுக்குள் நுழைவதற்கான முன்பதிவு. ஹவாய் மாநிலத்தில் வசிக்காத அனைவருக்கும் இது கட்டாயம். 30 நாட்களுக்கு முன்பு இணையத்தில் திறக்கும். ஒரு நாளைக்கு 900 பார்வையாளர்கள் என்ற வரம்பு இருப்பதால் வாகன நிறுத்த இடங்கள் மிக விரைவில் தீர்ந்துவிடும். இரண்டாவது, ஹனகாப்பியாய் பள்ளத்தாக்கைத் தாண்டி நடப்பதற்கான இரவுத் தங்கல் அனுமதி. தங்காமல் அன்றே திரும்பினாலும் அந்த எல்லையைத் தாண்ட இது கையில் இருந்தாக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 35 டாலர். அதிகபட்சம் தொடர்ந்து ஐந்து இரவுகள். 90 நாட்களுக்கு முன்பு, ஹவாய் நேரப்படி நள்ளிரவு கடந்ததும் அந்தந்த நாளுக்கான இடங்கள் திறக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு அது பிற்பகல் மூன்றரை மணி. அதனால் அலாரம் வைத்து விழித்திருக்கும் கலிபோர்னியா நண்பர்களைவிட நமக்கு இது வசதி. கோடைக்கால நாட்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதால், அனைவருடைய அடையாள விவரங்களையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

தங்கல் அனுமதி இருப்பவருக்கு ஹாஎனா நுழைவு அதிலேயே அடங்கும். ஆனால் இரவில் வாகனம் நிறுத்துவதற்கும், ஊரிலிருந்து வரும் சிற்றுந்துக்கும் தனியாகப் பணம் கட்டிப் பதிய வேண்டும். இதைக் கவனிக்காமல் போய், வாயிலில் வண்டியைத் திருப்பியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

அனுமதி கிடைக்கவில்லை. ஹனகாப்பியாய் வரை போனால் மட்டும் போதுமா?

தாராளமாகப் போதும். ஹாஎனா முன்பதிவு மட்டும் இருந்தால் அந்த இரண்டு மைலை யாரும் நடக்கலாம். ஏறத் தொடங்கிய அரை மைலிலேயே கேஎ கடற்கரையின் பவளத்திட்டு, பச்சைக் கண்ணாடிக்குள் பழுப்பு நிறத்தில் கீழே விரிந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். அங்கிருந்து திரும்பியவர்கள்கூட ஏமாந்ததாகச் சொன்னதில்லை. கடற்கரையிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இன்னும் இரண்டு மைல் ஏறினால் சுமார் 90 மீட்டர் உயர அருவி ஒன்று இருக்கிறது. போய்வர மொத்தம் எட்டு மைல், முழுநாள் வேலை. அருவிக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். மேலிருந்து கற்கள் விழும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை. அக்டோபருக்குப் பிறகு வட பசிபிக்கில் உருவாகும் புயல்கள் எழுப்பும் பேரலைகள் இந்தக் கரையை நேருக்கு நேர் வந்து மோதுகின்றன. ஹனகாப்பியாயில் கோடையில் இருக்கும் மணல் முழுவதையும் குளிர்கால அலை இழுத்துக்கொண்டு போய்விட, வெறும் உருண்டைப் பாறைகள்தான் மிஞ்சும். அடுத்த கோடையில் கடலே மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். மழையும் குளிர்காலத்தில்தான் மிகுதி. ஆனால் ‘கோடையில் மழை இல்லை’ என்று இந்தத் தீவில் யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். தீவின் நடுவே நிற்கும் வாயிஅலேஅலே மலை உலகிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று.

2018 ஏப்ரல் 14, 15 தேதிகளில் இந்தப் பாதைக்கு அருகிலுள்ள வாய்பா என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குல மழை, அதாவது 1,262 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அமெரிக்காவில் ஒரு நாளில் பெய்த மழைக்கு அதுவே சாதனை. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழைக்கு ஏறத்தாழ நிகரான அளவு ஒரே நாளில் கொட்டிற்று. சாலை சரிந்து பாதை மூடப்பட்டது; 2019 ஜூனில்தான் மீண்டும் திறந்தார்கள். வருகையாளர் எண்ணிக்கைக்கு இன்றிருக்கும் வரம்பும் முன்பதிவும் அதற்குப் பிறகு வந்தவையே.

பாறை விளிம்புதான் மிகப் பெரிய ஆபத்தா?

இல்லை. எல்லோரும் முதலில் கேட்பது விளிம்பைப் பற்றித்தான். ஆனால் இந்தப் பாதையில் மனிதர்களைக் கொண்டுபோவது தண்ணீர். ஓடை வெள்ளமும் கடல் இழுப்பும்தான் இங்கே அஞ்ச வேண்டியவை. இதை ஒருவர் மனத்தில் வாங்கிக்கொண்டால், இந்தப் பக்கத்தில் மற்றவற்றைப் படிக்காமல் விட்டாலும் பரவாயில்லை.

ஓடைகளை எப்படிக் கடப்பது?

நான் போனபோது பாலம் எதுவும் இல்லை. ஹனகாப்பியாய், ஹனகோவா, கலாலாவ் ஆகிய மூன்றும் முக்கியமானவை. இடையே சிறியவை பல. மழையில்லாத நாளில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் ஓடும், பிள்ளைகள் விளையாடுவார்கள். ஆனால் இந்தப் பள்ளத்தாக்குகள் குட்டையானவை, செங்குத்தானவை. மேலே மேகத்துக்குள் மழை கொட்டும்போது கீழே கடற்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சில நிமிடங்களில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும். அதே காரணத்தால், மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்தும் விடும். ஆகவே இங்கே உயிரைக் காப்பது நீச்சலோ கயிறோ அன்று, காத்திருப்பது.

என் முதல் பயணத்தில், திரும்பும் நாளன்று இரவெல்லாம் மழை. ஹனகாப்பியாய்க்கு வந்து சேர்ந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். போகும்போது நாங்கள் உட்கார்ந்து கால் நனைத்த பாறை கண்ணில் படவே இல்லை. தேநீர் நிறத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போயிற்று. அதைவிடவும், தண்ணீருக்கு அடியில் ‘டொக், டொக்’ என்று ஓர் ஒலி கேட்டது. முதலில் புரியவில்லை. ஓடையின் தரையில் பெருங்கற்கள் ஒன்றோடொன்று மோதி உருண்டு போகும் ஒலி அது என்று எங்களோடு நின்ற ஊர்க்காரர் சொன்னார். அந்த ஒலி நிற்கும்வரை ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்றார். எங்களில் ஒருவருக்கு மாலை விமானம். அவர் மூன்று முறை கரைக்குப் போய்ப் போய் நின்றார். ஊர்க்காரர் ஒரு குச்சியைத் தண்ணீரின் விளிம்பில் நட்டு, அதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னார். அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் குச்சியை விட்டு ஒரு விரல்கடை விலகிற்று. நாலரை மணிக்கு உருளும் ஒலி நின்றிருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில், ஒருவர் பையை ஒருவர் பிடித்தபடி கடந்தோம். விமானம் போய்விட்டது. அதற்காக அவர் பின்னால் ஒரு நாளும் வருந்தியதில்லை.

கடக்கலாம் என்று உறுதியானால் செய்ய வேண்டியவை இவை. முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது. காலணியைக் கழற்ற வேண்டாம், வெறுங்கால் வழுக்கும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, நடைக்கோலை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் அடிமேல் அடி வையுங்கள். பாறைக்குப் பாறை தாவ வேண்டாம். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினாலோ, கலங்கி அடி தெரியாமல் இருந்தாலோ கடக்கவே வேண்டாம்.

ஹனகாப்பியாயில் கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். கோடையில் அமைதியாகத் தெரிந்தாலும் வேண்டாம். அலையைத் தடுக்கப் பவளத்திட்டு எதுவும் அங்கே இல்லை. உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர் கரையேற, பக்கத்தில் வேறு மணற்கரையும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் பாறைச்சுவர்தான். இந்தக் கடற்கரைக்கு இறங்கும் வழியில் மூழ்கி இறந்தவர்களைக் கோடு போட்டு எண்ணிய ஒரு மரப்பலகை பல்லாண்டுகள் நின்றது. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, மீண்டும் நாலு என்று கடைக்காரர் கணக்கெழுதுவது போல வரிசையாக இருந்த அந்தக் கீறல்களைப் படத்தில் பார்த்தாலே போதும், தண்ணீர்ப் பக்கம் போகத் தோன்றாது.

தவழ்ந்து போகும் விளிம்பு என்கிறார்களே, உண்மையிலேயே தவழ வேண்டுமா?

ஏழாவது மைலை ஒட்டி, பாறைச்சுவரில் செதுக்கியது போல ஒரு குறுகிய பகுதி வருகிறது. ஆங்கிலத்தில் அதன் பெயருக்குத் ‘தவழ்பவர் விளிம்பு’ என்றுதான் பொருள். ஒரு பக்கம் தோளை உரசும் பாறை; மறுபக்கம் கீழே கடல், நடுவே எதுவும் இல்லை. உலர்ந்த நாளில் பெரும்பாலோர் நிமிர்ந்தே நடந்து போகிறார்கள். கால் வைக்க இடமும் கைபிடிக்கப் பாறையும் இருக்கின்றன. ஈரமாகவோ பலத்த காற்றாகவோ இருந்தால் அதன் குணமே வேறு. அப்போது விளிம்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து காத்திருங்கள் அல்லது ஹனகோவாவுக்குத் திரும்பிவிடுங்கள்.

உயரத்தைக் கண்டு தலை சுற்றுகிறவர்களுக்கு ஒரு சொல். என் மனைவிக்கு மாடிப்படிக் கைப்பிடி இல்லாவிட்டாலே கால் நடுங்கும். அவர் கடலைப் பார்க்காமல், முன்னால் போன என் காலணியின் குதிகாலில் ஒட்டியிருந்த செம்மண்ணை மட்டும் பார்த்தபடி ஒவ்வோர் அடியாக வந்தார். மறுமுனையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். எல்லோராலும் இது முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நின்று ‘முடியாது’ என்று தோன்றினால் அதை உடன் வருபவர்கள் மதிக்க வேண்டும். வற்புறுத்தும் இடம் அதுவன்று.

விளிம்பைவிட எனக்குக் கடினமாக இருந்தது அதற்கு முன்னும் பின்னும் வரும், கடலை நோக்கிச் சரிந்த, பொடிக்கல் பரவிய மண்பாதைதான். விளிம்பில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். சரிவில் பேசிக்கொண்டே நடப்பார்கள்.

ஒரே நாளில் கலாலாவ் போய்த் திரும்ப முடியுமா?

மலையோட்டப் பயிற்சி பெற்ற சிலர் செய்கிறார்கள். அவர்களுக்கும் தங்கல் அனுமதி வேண்டும். மற்றவர்கள் முயல வேண்டாம். குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று வையுங்கள். அதோடு விமானத்துக்கும் பயணத்துக்கும் இடையே ஒரு வெற்று நாள் இருக்கட்டும். மேலே சொன்ன விமானக் கதை அதற்குத்தான்.

குடிநீர் கிடைக்குமா?

ஓடைகளில் தாராளமாகக் கிடைக்கும்; ஆனால் அப்படியே குடிக்கக் கூடாது. மலையில் காட்டாடுகளும் காட்டுப்பன்றிகளும் திரிவதால் அந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்க வாய்ப்புண்டு. கொதிக்க வைத்தோ, வடிகட்டியோ, மாத்திரை போட்டோதான் குடிக்க வேண்டும். கலாலாவில் கடற்கரையின் மேற்குக் கோடியில் பாறையிலிருந்து விழும் ஹோஓலேஆ என்ற அருவிதான் எல்லோருக்கும் குளியலறை, குடிநீர்க்குழாய் இரண்டும். அதற்கும் இதே விதி. காலில் புண் இருந்தால் மூடிக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்குங்கள். ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் இந்த நீரைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஹனகோவாவுக்குப் பிறகு பாதை மழைமறைவுப் பக்கம் போய்விடுகிறது. மரநிழல் குறைந்து வெயில் ஏறும். அங்கே கையில் குறைந்தது இரண்டு லிட்டர் இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போவது?

அடுப்பு மூட்டாத உணவு என்றால் நம் வீட்டுப் பலகாரங்களுக்கு நிகர் இல்லை. அவலைப் பையில் போட்டு, வெல்லத் தூளும் உலர்ந்த தேங்காய்த் துருவலும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டால், சுத்திகரித்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சாப்பிடலாம். பொரிவிளங்காய் உருண்டை நான்கு நாள் வெயிலிலும் கெடாது. பல்லுக்குத்தான் கொஞ்சம் வேலை. முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை. சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் இரண்டாம் நாள் வரை தாங்கும். சமைப்பதாக இருந்தால் சிறிய எரிவாயு அடுப்பைக் கொண்டு போகலாம். எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, தீவில் வாங்குங்கள். விறகு பொறுக்கி நெருப்பு மூட்டுவதற்கு அனுமதி இல்லை. எத்தனை நாள் திட்டமோ அதற்கு மேல் ஒரு நாள் உணவு எடுத்துக்கொள்ளுங்கள். ஓடை வழிவிடாத நாளில் அதுதான் உங்களைப் பொறுமையாக உட்கார வைக்கும்.

காலணி, உடை?

செம்மண் சேறு சவர்க்காரம் போல வழுக்கும். அடிப்பக்கம் ஆழமாக வெட்டிய பிடிப்புள்ள காலணி வேண்டும். புதிதாக வாங்கி நேராக இங்கே அணிந்து வரக் கூடாது. இரண்டு நடைக்கோல்கள் இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்றும். வேறு தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கொசு விரட்டி மட்டும் ஹனகோவாவுக்காக மறக்க வேண்டாம்.

வழியில் என்ன மரங்கள், செடிகள்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். முதல் இரண்டு மைலில் பாதையோரம் வளைந்த கால்களை ஊன்றிக்கொண்டு நிற்பது தாழை. ஹவாய்க்காரர்கள் ‘ஹலா’ என்று அழைக்கும் அது நம் கடற்கரைத் தாழையின் உறவு. அதன் ஓலையில் அவர்கள் பாய் முடைகிறார்கள். உள்ளே போகப் போகக் கொய்யா. கலாலாவ் பள்ளத்தாக்கில் மாமரம் உண்டு. நாவல் மரங்களோ வேண்டிய மட்டும் இருக்கின்றன. பழம் உதிரும் காலத்தில் பாதையே ஊதாவாகக் கறை பிடித்திருக்கும். பழம் தின்றவரின் நாக்கும் அப்படியே. ஏழாயிரம் மைலுக்கு அப்பால், கடல் இரைச்சலுக்கு நடுவே நாவற்பழம் பொறுக்குவதில் எனக்குச் சொல்ல முடியாத மகிழ்ச்சி இருந்தது. ஆனால் நாவல் அங்கே வந்தேறி. மண்ணுக்குரிய மரங்களை நெருக்கி விரட்டுகிறது என்று அறிந்தபோது அந்த மகிழ்ச்சி கொஞ்சம் சுருங்கிற்று.

காட்டுக்குள் கல் அடுக்கிய வரப்புகள் படிப்படியாகத் தெரியும். ‘கலோ’ பயிரிட்ட பழைய வயல்கள் அவை. கலோ என்பது நம் சேம்புதான், சேப்பங்கிழங்குச் செடி. அதை அவித்து, அரைத்துக் கூழாக்கித்தான் ஹவாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டார்கள். அந்த வரப்புக் கற்களை எடுத்து அடுப்புக்கோ கூடாரத்துக்கோ வைக்க வேண்டாம்.

அப்படியானால் அங்கே மக்கள் வாழ்ந்தார்களா?

நூற்றாண்டுகளாக வாழ்ந்தார்கள். தோணியிலும் மலைப்பாதையிலும் போய்வந்தார்கள். இன்று நாம் நடக்கும் பாதை 1800களின் இறுதியில் அமைக்கப்பட்டு, 1930களில் சில பகுதிகள் திருத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிகள் வெளியேறிவிட்டனர்.

அந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் கோஓலாவ் என்பவரை அறியாமல் நடக்கக் கூடாது என்பது என் எண்ணம். அவர் மாடு மேய்த்தவர். தொழுநோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து மோலோகாய் தீவின் கலாவ்பாப்பாவுக்கு அனுப்பிவிடும் சட்டம் அப்போது இருந்தது. மனைவி பியிலானியைப் பிரிய மறுத்த கோஓலாவ், அவரோடும் சிறு மகனோடும் கலாலாவுக்குள் ஒளிந்தார். 1893இல் பிடிக்க வந்த காவல் அதிகாரி அவரது துப்பாக்கிக்குப் பலியானார். அரசு படையை அனுப்பியும் அவரைப் பிடிக்க முடியவில்லை. நோயிலேயே மகன் இறந்தான். பிறகு கோஓலாவும் இறந்தார். இருவரையும் தன் கையால் புதைத்துவிட்டு, பியிலானி தனியாக மலையேறி ஊருக்குத் திரும்பினார். பின்னர் அவரே தன் மொழியில் சொன்ன கதை 1906இல் அச்சாயிற்று. அந்தக் கல்லறைகள் எங்கே என்பதை அவர் வெளியில் சொல்லவில்லை. கலாலாவில் இரவில் மலைச்சுவர் கறுத்து நிற்கும்போது, அதன் ஏதோ ஒரு மடிப்பில் ஒரு தாய் தன் பிள்ளையை வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்ற நினைவு எனக்கு வராமல் இருந்ததில்லை.

கடற்கரையில் எங்கே தங்குவது?

மணலை ஒட்டிய மரநிழலில் கூடாரம் போடும் இடங்கள் இருக்கின்றன. ஒரு நாளுக்கு 60 பேர் என்ற வரம்பினால் கூட்டம் நெரிசலாவதில்லை. மட்கும் வகைக் கழிப்பறைகள் உண்டு. ஓங்கலின் அடியை ஒட்டிக் கூடாரம் போடாதீர்கள். மேலே ஆடு நகர்ந்தாலும் கல் உருளும். மேற்குக் கோடிக் குகைகள் கோடையில் உலர்ந்து அழைக்கும், அங்கும் அதே ஆபத்து. கடல் இங்கும் இழுப்புள்ளதுதான். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையில் வெண்மையான நீள்வாற் பறவைகள் ஓங்கலை ஒட்டி மிதக்கும். சூரியன் கோடையில் நேரே கடலுக்குள் இறங்கும். அப்போது சுவரின் பச்சை செம்பொன்னாகி, ஊதாவாகி, கறுக்கும்வரை ஒருவரும் பேசுவதில்லை.

கால் சோர்ந்தால் படகில் திரும்பலாமா?

முடியாது. படகில் ஆட்களை இறக்குவதும் ஏற்றுவதும் சட்டப்படி தடை. அனுமதி பெற்றுத் தாமே துடுப்புப் போட்டு வரும் சிறுதோணிக்காரர்கள் மட்டும் கோடையில் கரையேறலாம்.

சிறு பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்துப் போகலாமா?

நடக்கப் பழகிய பத்து வயதுப் பிள்ளை நல்ல வானிலையில் ஹனகாப்பியாய் வரை வரும். அதற்கு மேல் வேண்டாம். பெற்றோருக்கு, அந்த முதல் அரை மைலும் கேஎ கடற்கரையும் போதும். கேஎயின் மேலுள்ள கல்மேடை ஹூலா ஆடல்கலைக்குரிய தெய்வ இடம். அங்கே ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம் என்று அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

பெற்றோருடன் போகிறவர்கள் தீவின் கிழக்கே வாய்லுவா ஆற்றங்கரையிலுள்ள கவாய் ஆதீனத்துக்கும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் நிறுவிய மடம் அது. கணபதி ஸ்தபதி வடிவமைக்க, பெங்களூருக்கு அருகே வெள்ளைக் கருங்கல்லில் செதுக்கிக் கப்பலில் கொண்டுபோய்க் கட்டிய இறைவன் கோயிலுக்கு 2023இல் குடமுழுக்கு நடந்தது. நான் அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் வடக்கே புறப்பட்டேன்.

ஏதேனும் விபத்து நேர்ந்தால்?

உதவி ஹெலிகாப்டரில்தான் வரும். மேகம் தாழ்ந்தால் அதுவும் வராது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாவது கொண்டு போங்கள், வாடகைக்கும் கிடைக்கிறது. திரும்பும் நாளையும், ஒரு நாள் தாமதமானால் பதற வேண்டாம் என்பதையும் வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

திரும்பும் நாளை எப்படி அமைப்பது?

விடிவதற்கு முன் கூடாரத்தைச் சுருட்டுங்கள். வெயில் ஏறுமுன் விளிம்பைக் கடந்து, மதிய உணவுக்கு ஹனகோவா நிழல். இரவில் மழை பெய்திருந்தால், வழியில் கடக்கும் முதல் சிற்றோடையின் நிறத்தைக் கவனியுங்கள். ஹனகாப்பியாயில் என்ன காத்திருக்கிறது என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். சிற்றுந்தின் கடைசி வண்டி நேரத்தை எழுதி வைத்திருங்கள், ஆனால் அதற்காக ஓடையில் இறங்காதீர்கள். பெருமழையில் ஹனலேய் ஆறு பெருகினால் ஊருக்குப் போகும் பாலத்தையே மூடிவிடுவார்கள். அப்போது வண்டி பிடித்தாலும் வடக்குக் கரையில்தான் இரவு கழியும். கேஎக்கு வந்ததும் காலணியின் செம்மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு வண்டியில் ஏறுங்கள். அந்த மண்ணோடு ஒட்டி வரும் விதைகளும் மரநோய்க் கிருமிகளும் அடுத்த காட்டுக்குப் போகக் கூடாது.